மின்னூல் செய்யத் திறமூலக் கருவிகள்: சிஜிலா, காலிபரா, பாண்டாக்கா?

மைக்கூடு

வணக்கம். ஒரு கட்டுரைத் தொகுப்பை இபப் வடிவில் மின்னூலாகக் கொண்டுவர வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். பாதி யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்புகள், மீதி யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருவில் தட்டியவை. ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் அடிக்குறிப்பு உண்டு. கொஞ்சம் படங்கள், இரண்டு மூன்று அட்டவணைகள். மெய்ப்புப் பார்க்க இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் கணினி என்றால் வேர்டு மாதிரி ஒன்றில் தட்டுவது, அவ்வளவுதான்.

திறமூலக் கருவிகள்தான், அதாவது குறிநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவைதான் வேண்டும். நான் லினக்ஸ், அவர்கள் விண்டோஸ். நான் நிரலாளன் இல்லை, ஆனால் முனையத்தில் ஒரு கட்டளை கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுவேன்.

தேடியதில் காலிபர், சிஜில், பாண்டாக், லிப்ரே ஆபீஸ் என்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றைப் பற்றி எழுதுபவரும் அதுவே போதும் என்கிறார். திருத்திய பதிப்பு ஒன்று பின்னால் நிச்சயம் வரும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நூலடுக்கு

காலிபர் போதும். (நீங்கள் சொன்ன பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

வேர்டு கோப்பை நேரடியாக உள்ளே இழுத்துப் போட்டு இபப் ஆக மாற்றலாம். அடிக்குறிப்பு, படம், அட்டவணை எல்லாம் ஓரளவு ஒழுங்காகவே வரும். 2013 கடைசியிலிருந்து அதற்குள்ளேயே ஒரு நூல் திருத்தியும் இருக்கிறது. இடப்பக்கம் எச்டிஎம்எல், வலப்பக்கம் முன்னோட்டம். ஏதாவது பெரிய மாற்றம் செய்யும் முன் ஒரு செக்பாயின்ட் வைத்துக்கொண்டால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குப் போய்விடலாம். இபப் மட்டுமில்லை, அமேசானின் ஏஇசட்டபிள்யூ3 கோப்பையும் அதிலேயே திருத்தலாம்.

எழுத்துப்பிழை பார்க்கும் சாளரம் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நூலில் உள்ள எல்லாச் சொற்களையும், எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணோடு பட்டியலிட்டுத் தரும். லிப்ரே ஆபீஸுக்கான தமிழ் அகராதியை அதில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே போவதால் அகராதி பாதிச் சொற்களைப் பிழை என்றுதான் சொல்லும், அதை நம்ப வேண்டாம். பட்டியலை அகர வரிசையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் அடுத்தடுத்து நின்று காட்டிக்கொடுக்கும்.

சட்டகம்

காலிபரின் திருத்தியைப் பற்றி நூலடுக்கு சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. மாற்றியைப் பற்றித்தான் மறுப்பு.

காலிபரின் மாற்றி எதை எதுவாகவும் மாற்ற வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதனால் உள்ளே வரும் ஸ்டைல்களையெல்லாம் தட்டையாக்கி, காலிபர்1, காலிபர்2 என்று வகுப்புப் பெயர் போட்டு வெளியே தள்ளும். படிக்கிற வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து மேற்கோள் பத்திகளை மட்டும் சற்று உள்ளே தள்ள வேண்டும் என்று நினைக்கும்போது எது மேற்கோள், எது செய்யுள், எது சாதாரணப் பத்தி என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சொந்தமாகப் படிக்க ஒரு நூலை மாற்றிக்கொள்ள அது அருமையான கருவி. வெளியிடப் போகிற நூலுக்கு அது முதல் படியாகக்கூட இருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இபப் என்பது ஒரு ஜிப் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் கட்டுரைக்கு ஒரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பு, தோற்றத்தை வரையறுக்கும் ஒரு சிஎஸ்எஸ், படங்கள், பின் எல்லாவற்றையும் எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஓபிஎஃப் கோப்பு. இபப் 3 என்றால் பொருளடக்கத்துக்கு நேவ் கோப்பு. பழைய இபப் 2 கருவிகளுக்காக என்சிஎக்ஸ் ஒன்றையும் சேர்த்து வைப்பார்கள். ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல், மைம்டைப் என்ற குட்டிக் கோப்பு இருக்க வேண்டும். கையால் ஜிப் செய்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிஜில் இந்த அமைப்பை மறைக்காமல் அப்படியே காட்டுகிறது. நீங்கள் எழுதாத எதையும் அது நுழைப்பதில்லை. 1.0 பதிப்பு வந்தபோது, வேர்டு மாதிரி தட்டுவதற்கு இருந்த புக் வியூவை எடுத்துவிட்டார்கள் என்று பலருக்குக் கோபம். அப்படித் தட்ட விரும்புகிறவர்களுக்குப் பேஜ்எடிட் என்று தனி மென்பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்தது நல்லதுதான். அந்தப் பார்வையில் ஒரு எழுத்தைத் திருத்தினால் பின்னால் இருக்கும் குறிநிரல் வேறு எங்கோ மாறும்.

குழாய்வழி

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் மைக்கூடு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். திருத்திய பதிப்பு வரும்போது எந்தக் கோப்பைத் திறப்பீர்கள்? இபப் கோப்பையா, அதற்கு முந்தைய மூலத்தையா?

இபப்பையே திறப்பேன் என்றால் சிஜில் சரி. இபப்தான் மூலம், அதைச் செதுக்கிச் செதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நூலை நாளை அச்சுக்கான பிடிஎஃப்பாகவோ இணையப் பக்கமாகவோ கொடுக்கச் சொன்னால் திணறுவீர்கள். இரண்டு மெய்ப்பாளர்கள் எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பில் திருத்தம் போடப் போவதுமில்லை.

மூலம் வேறு, இபப் அதிலிருந்து பிறப்பது என்று வைத்துக்கொண்டால் பாண்டாக். 2006-லிருந்து வளர்ந்து வரும் கருவி. வேர்டு, ஓடிடி (லிப்ரே ஆபீஸ் கோப்பு), மார்க்டவுன் (குறிகளால் வடிவம் காட்டும் வெறும் உரை) எதுவானாலும் வாங்கிக்கொண்டு ஒரே கட்டளையில் இபப் 3 தரும். முதல் நிலைத் தலைப்பு வரும் இடத்தில் கோப்பைப் பிரிக்கும், பொருளடக்கம் கட்டும், அடிக்குறிப்புகளை இணைப்போடு வைக்கும். நூற்பெயர், ஆசிரியர், மொழி, உரிமம் ஆகியவற்றை ஒரு சின்ன யாமல் கோப்பில் எழுதி வைத்தால் போதும். அட்டைப்படமும் சிஎஸ்எஸ்ஸும் தனிக் கோப்புகளாக இருக்கும். கட்டுரையில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அதே கட்டளையை மீண்டும் ஓட்டினால் புதிய மின்னூல் வந்துவிடும். மார்க்டவுனில் வைத்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் போட்டால் யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்பது வரை பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பிழைதேடி

மெய்ப்பாளர் கட்சியிலிருந்து ஒரு குரல்.

மார்க்டவுன், கிட் என்று குழாய்வழி எளிதாகச் சொல்லிவிட்டார். திருத்தம் போடுகிறவருக்கு இரண்டே தேவை: முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஆனது என்று கண்ணில் பட வேண்டும், ஓரத்தில் "இந்த ஆண்டு சரியா?" என்று ஒரு குறிப்பு எழுத இடம் வேண்டும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இரண்டும் இருக்கின்றன, அதுவும் திறமூலம்தான், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மெய்ப்புக்கு நட்சத்திரக் குறியும் சதுர அடைப்பும் நிறைந்த உரையைக் கொடுத்தால் அவற்றை யாராவது "பிழை" என்று நீக்கிவிடுவார்கள். நீக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் வேலை.

ஆனால் ரைட்டரில் ஒரு ஒழுக்கம் வேண்டும். தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவது இல்லை, ஹெடிங் 1 என்ற ஸ்டைலைப் போட வேண்டும். மேற்கோளுக்கு மேற்கோள் ஸ்டைல். பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று என்டர் விசையை இரண்டு முறை தட்டக்கூடாது. இதை மட்டும் முதலில் செய்துவிட்டால் பின்னால் எந்தக் கருவி வந்தாலும் வேலை பாதியாகும்.

குழாய்வழி

> தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவது இல்லை

இந்த வரியை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். பாண்டாக் தலைப்பை ஸ்டைல் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். தடிப்பான பெரிய எழுத்து அதற்குத் தடிப்பான ஒரு பத்தி, அவ்வளவே.

பிழைதேடி சொல்வதை ஏற்கிறேன். மூலம் மார்க்டவுனாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மெய்ப்புக் காலம் முடியும்வரை ரைட்டர் கோப்பே மூலமாக இருக்கட்டும். ஒரு சின்ன விஷயம்: மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியோடு டாக்எக்ஸ் (வேர்டு) கோப்பாகச் சேமித்தால், பாண்டாக் இயல்பாகவே எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டதாக வைத்துப் படிக்கும், ஓரக் குறிப்புகளை விட்டுவிடும். அதாவது நீங்கள் ஏற்காத திருத்தமும் நூலுக்குள் போய்விடும். இபப் கட்டும் முன் ஏற்பு, மறுப்பு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

நூலடுக்கு

லிப்ரே ஆபீஸிலேயே 6.0 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், இபப் ஏற்றுமதி இருக்கிறதே? இடையில் பாண்டாக் எதற்கு?

சட்டகம்

இருக்கிறது. ஒரு தடவை ஏற்றுமதி செய்து உள்ளே திறந்து பாருங்கள். பாரா0, பாரா1, ஸ்பான்3 என்று எண் போட்ட வகுப்புகள்தான் கிடைக்கும். காலிபர் மாற்றியைப் பற்றி நான் சொன்ன அதே புகார். மெய்ப்புக்காகக் கைப்பேசியில் ஒரு நகல் படித்துப் பார்க்க வேண்டும் என்றால் போதுமானது.

மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. மூலம் எது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மூலம் ரைட்டர் கோப்பு என்றுதான் முடிவெடுக்கப் போகிறேன்.

அப்புறம், பழைய எழுத்துருக் கோப்புகள். எழுத்துருவை மாற்றினால் உரை முழுவதும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறது. நடுநடுவே உண்மையான ஆங்கிலப் பெயர்களும் உண்டு. இதை எங்கே, எந்தக் கட்டத்தில் மாற்றுவது?

வரிமாற்றி

இந்தக் கேள்விக்காகவே உள்நுழைந்தேன்.

முதல் விதி: எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றுங்கள். ஸ்டைல் போடுவதும் மெய்ப்பும் யூனிகோடுக்கு வந்த பிறகுதான். மாற்றுவதற்குப் பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. டிஸ்கி, டாப், டாம், பாமினி போன்ற பழைய குறிமுறைகளிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவரும். உங்கள் கோப்பு எந்தக் குறிமுறை என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடியுங்கள். எழுத்துருவின் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும்.

இரண்டாவது, உண்மையான ஆங்கிலப் பெயர்கள். முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால் அவையும் தமிழாகி உளறும். ரைட்டரின் தேடல் சாளரத்தில் எழுத்துருவின் பெயரை வைத்தே தேட முடியும். பழைய தமிழ் எழுத்துரு பூசிய துண்டுகளை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. பழைய எழுத்துருக்களில் எழுத்து கண்ணில் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். "கெ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு. மாற்றி இதைத் திருப்பிப் போடும். ஆனால் கொம்புக்கும் க-வுக்கும் நடுவில் ஒரு வரிமுறிவோ, தடிப்பு தொடங்கும் இடமோ வந்துவிட்டால் திருப்ப முடியாமல் கொம்பு அநாதையாக நிற்கும். திரையில் வட்டப் புள்ளிக்கோடு ஒன்றோடு தெரியும்.

அதனால் மாற்றி முடித்ததும் மூன்று தேடல்கள் போடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி நிற்கிறதா? புள்ளிக்கு அடுத்து உடனே உயிர்க்குறி வருகிறதா? இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வருகின்றனவா? மூன்றும் தமிழில் வரவே முடியாதவை, ஆகவே கிடைப்பதெல்லாம் பிழைதான்.

மூன்றாவது தேடலுக்கு முன்னால் மட்டும் உரையை என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒருசீராக்கிக்கொள்ளுங்கள். "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், க-வோடு கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஆனால் ஔகாரத்தை என்எஃப்சி முழுவதும் காப்பாற்றாது. "கௌ" என்பதைச் சிலர் க, கொம்பு, பிறகு ள என்ற மெய்யெழுத்தாகத் தட்டியிருப்பார்கள். "ஔவை" ஒ-வும் ள-வுமாகத் தட்டப்பட்டிருக்கும். இவை யூனிகோடைப் பொறுத்தவரை முறையான எழுத்துகள், ஆகவே எந்த மாற்றியும் தொடாது. கையால்தான் தேட வேண்டும். மொத்தமாக மாற்றவும் கூடாது. "கெளுத்தி", "ஒளி" மாதிரி உண்மையிலேயே ள வரும் சொற்கள் சிக்கிக்கொள்ளும்.

பிழைதேடி

வரிமாற்றி சொன்ன ஔகாரக் கதை மெய்ப்பாளருக்குக் கண்ணில் படவே படாது. சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இது கருவியின் வேலை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

சட்டகம்

தேடல் என்று வந்ததால் ரெஜெக்ஸ் (குறிகளால் ஒரு வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை) பற்றி ஒன்று. சிஜிலிலும் காலிபரிலும் ரெஜெக்ஸ் தேடல் இருக்கிறது, தமிழோடும் ஓடும். ஆனால் ஒற்றைப் புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று பாடத்தில் படித்தவர்கள் கவனிக்க வேண்டும். "கி" என்பது அதன் கணக்கில் இரண்டு. மூன்றெழுத்துச் சொல் தேடினால் பொருந்தாதவையெல்லாம் வரும். அதேபோல, சொல்லின் பகுதி எது என்று சொல்லும் குறி, பதிப்பைப் பொறுத்து, தமிழ்ப் புள்ளியையும் உயிர்க்குறியையும் சொல்லின் பகுதியாக எடுக்காமல் போகலாம். தமிழ் எழுத்துகளின் யூனிகோடு எல்லையையே சதுர அடைப்புக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

நூலடுக்கு

காலிபர் திருத்தியில் தேடலோடு ஒரு பைத்தான் செயற்கூறை இணைக்கலாம். கிடைத்த ஒவ்வொரு பொருத்தத்தையும் அது வாங்கிப் பார்த்து, மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். "கெளுத்தி" மாதிரி விதிவிலக்குகளை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால் ஔகாரத்தை அரைமணி நேரத்தில் முடிக்கலாம்.

குழாய்வழி

அதை இபப்பில் செய்தால் மூலத்துக்குத் திரும்பாது என்பதை மறக்க வேண்டாம். மூலம் ரைட்டர் என்றால் இந்தத் துப்புரவு முழுவதும் ரைட்டருக்குப் போகும் முன், வெறும் உரையாக இருக்கும்போதே முடிய வேண்டும்.

செவிவாசகர்

நான் திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படிக்கிறவன். தமிழ் மின்னூல்களில் எங்களுக்கு அகப்படும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இழையில் பேசாத ஒரு வரியில் இருக்கிறது: மொழிக் குறியீடு.

நூலின் மொழி தமிழ் என்று ஓபிஎஃப் கோப்பிலும் ஒவ்வொரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பின் தலையிலும் எழுதியிருக்க வேண்டும். மென்பொருள் ஆங்கிலத்தில் நிறுவப்பட்டிருந்தால் பல கருவிகள் தாமாகவே ஆங்கிலம் என்று போட்டுவிடும். அப்போது குரல் தமிழுக்கு மாறுவதில்லை. ஒன்று எழுத்தைத் தாண்டிப் போகும், இல்லை புரியாத எதையோ சொல்லும். பாண்டாக்கில் யாமல் கோப்பில் ஒரே வரி. சிஜிலிலும் காலிபரிலும் மேல்தரவுச் சாளரத்தில் மாற்றலாம், ஆனால் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் மாறியதா என்று திறந்து பாருங்கள். கட்டுரைக்கு நடுவே நீண்ட ஆங்கில மேற்கோள் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலக் குறியீடு.

தலைப்பு நிலைகள் அடுத்தது. நாங்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் நூலில் நடமாடுகிறோம். நூற்பெயருக்கு முதல் நிலை, கட்டுரைக்கு முதல் நிலை, உட்தலைப்புக்கு இரண்டாம் நிலை என்று வரிசையாக இறங்க வேண்டும். எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக நான்காம் நிலையைப் போடக்கூடாது, அளவை சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள். படங்களுக்கு மாற்று உரை எழுதுங்கள். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள்.

சோதிப்பதற்கு டெய்சி கூட்டமைப்பின் ஏஸ் இருக்கிறது, திறமூலம்தான். அது மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும், பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்காது. காதால் கேட்க வேண்டும் என்றால் விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதனுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ஜியில் தமிழ் உண்டு. குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் கண் வழுக்கிப் போன பிழையை அது வழுக்காது. பிழைதேடியும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

பிழைதேடி

கேட்கிறேன் ஐயா. இது எனக்குத் தோன்றாத யோசனை.

மைக்கூடு

எழுத்துரு பற்றி யாரும் சொல்லவில்லையே. உட்பொதிக்க வேண்டுமா?

சட்டகம்

பொதியுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், அல்லது ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் வேறு ஏதாவது. அந்த உரிமம் ஆவணத்துக்குள் பொதிப்பதை அனுமதிக்கிறது. "இலவசமாக இறக்கினேன்" என்பது உரிமம் ஆகாது. பல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைத்தாலும் பொதிக்க அனுமதி தராதவை. காலிபர் திருத்தியில் எழுத்துருவை நூலில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் சுருக்கும் வசதி இருக்கிறது, அளவு குறையும்.

செவிவாசகர்

பொதிக்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்வை குறைந்தவர்கள் தங்களுக்கு ஏற்ற எழுத்துருவையும் அளவையும் தேர்ந்து வைத்திருப்பார்கள். சிஎஸ்எஸ்ஸில் எழுத்தளவைப் புள்ளிக் கணக்கில் பூட்டிவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வரி உயரத்தையும் அப்படியே.

வரிமாற்றி

பழைய படிப்பான்களில் தமிழ் உடைந்து தெரிகிறது, எழுத்துருவைப் பொதித்தால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சரியாகாது. கொம்பை க-வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது படிப்பானின் எழுத்தமைப்பு இயந்திரம். எழுத்துரு அதற்கு வடிவங்களை மட்டும் கொடுக்கிறது. இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாவிட்டால் எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் கொம்பு பின்னால்தான் நிற்கும். எழுத்துருவே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் மட்டும் பொதிப்பது உதவும்.

இன்னொன்று: இரு ஓரமும் சீராக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள்தான் நிற்கும், நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி விடுங்கள். மென்கோடுகளை (வரி முறியும் இடத்தில் மட்டும் தெரியும் இணைப்புக்கோடுகள்) நுழைத்துச் சொற்களைப் பிரிக்கலாம் என்பார்கள். சில படிப்பான்களில் அதனால் சொல் தேடல் கெட்டுவிடும்.

நாளையபதிப்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்குக் கிண்டில் கிரியேட் இலவசமாகக் கிடைக்கிறது, இழுத்துப் போட்டால் முடிந்தது. திறமூலம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதால் என்ன லாபம்?

குழாய்வழி

நியாயமான கேள்வி. அதிலிருந்து வரும் கேபிஎஃப் கோப்பு அந்த ஒரு கடைக்கு மட்டுமே. வேறு எங்கும் கொடுக்க முடியாது, நாளை வேறு கருவியில் திறந்து திருத்தவும் முடியாது. முன்பு கிண்டில்ஜென் என்று ஒரு கட்டளைக் கருவி இருந்தது, 2020-இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பித் தங்கள் வேலையை அமைத்தவர்கள் வேறு வழி தேடினார்கள். சிஜிலைப் பாருங்கள். 2009-இல் ஒருவர் தொடங்கினார், அவர் விலகினார், கைமாறி வேறு சிலர் தொடர்கிறார்கள். குறிநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் கருவியைவிடக் கோப்பு வடிவம் திறந்திருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். இபப் 3.3 இப்போது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பரிந்துரை, 2023 மே மாதத்திலிருந்து. யார் வேண்டுமானாலும் விதியைப் படித்துக் கருவி செய்யலாம். காசு கொடுத்து மூடிய மென்பொருளில் செய்தாலும் சுத்தமான இபப் கையில் இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சட்டகம்

சுத்தமான இபப் என்றால் இபப்செக் என்ற சோதனைக் கருவி சொல்ல வேண்டும். சிஜிலில் செருகுநிரலாகப் போட்டுக்கொள்ளலாம், தனியாகவும் ஓட்டலாம், ஜாவா வேண்டும். பிழை என்று சொல்வது எதுவும் மிச்சமிருக்கக்கூடாது. எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளரின் நூலை ஒரு விற்பனைத் தளம் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியது. இபப்செக்கில் போட்டபோது, கோப்புப் பெயரில் இடைவெளி, ஒரே அடையாளம் இரண்டு இடத்தில். படிப்பான் எதுவும் குறை சொல்லவில்லை. படிப்பான்கள் பெருந்தன்மையானவை, தளங்கள் அப்படி இல்லை.

அதற்குப் பிறகு கண்ணால் பார்க்க தோரியம், ஃபோலியேட், கேஓரீடர் என்ற மூன்று படிப்பான்களிலும் திறந்து பாருங்கள், எல்லாம் திறமூலம். ஒன்றில் அழகாக இருப்பது இன்னொன்றில் சிதறும். இருண்ட பின்னணியிலும் பாருங்கள். எழுத்து கறுப்பு என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதி வைத்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

நாளையபதிப்பு

சரி, விளங்கியது. அச்சுக்கு ஸ்கிரைபஸ் எப்படி? தமிழ் உடைகிறது என்று கேள்விப்பட்டேன்.

வரிமாற்றி

1.4 காலத்துச் செய்தி அது. 1.5 வரிசையில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு வந்தது, 2024 தொடக்கத்தில் 1.6 நிலையான பதிப்பாக வந்துவிட்டது. தமிழ் ஒழுங்காக நிற்கும். ஆனால் அதிலிருந்து இபப் எதிர்பார்க்காதீர்கள், அது பக்க வடிவமைப்புக் கருவி. மைக்கூடின் நூல் படம் குறைந்த கட்டுரை நூல் என்பதால் ரைட்டரிலிருந்தே பிடிஎஃப் எடுத்தால் போதும்.

மைக்கூடு

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். பழைய கோப்புகளை ஓப்பன்-தமிழால் மாற்றி, வரிமாற்றியின் மூன்று தேடல்களையும் ஔகாரத்தையும் வெறும் உரையிலேயே முடித்துக்கொண்டு, ரைட்டரில் கட்டுரைக்கு ஒரு கோப்பாக ஸ்டைல் போட்டு மெய்ப்பாளர்களுக்கு அனுப்புவது. திருத்தங்கள் முடிவானதும் பாண்டாக், என் சொந்த சிஎஸ்எஸ், நோட்டோ எழுத்துரு. இறுதியில் சிஜிலில் திறந்து இபப்செக், பிறகு ஏஸ்.

சிஜிலில் திறந்தபின் ஒரு பிழை கண்ணில் பட்டால் அங்கேயே திருத்தலாமா? அது ஒரு கேள்வி. இன்னொன்று, ஒவ்வொரு கட்டுரையிலும் அடிக்குறிப்பு 1-லிருந்து தொடங்குகிறது. நாற்பது கோப்புகளை ஒன்றாக்கும்போது குழம்பாதா?

சட்டகம்

அங்கேயே திருத்துங்கள், பிறகு ரைட்டரிலும் திருத்துங்கள். குழாய்வழி கோபிப்பார், ஆனால் வெளியீட்டு நாள் மாலையில் ஒரு காற்புள்ளிக்காக மொத்தத்தையும் மறுபடி கட்டிக்கொண்டிருக்க முடியாது. நூலில் செய்யுள் வரிகள் வந்தால் அவற்றின் உள்தள்ளலையும் சிஜிலில் கையால் செய்வதே நிம்மதி.

குழாய்வழி

கோபமில்லை, ஆனால் ஒப்பவும் மாட்டேன். மறுபடி கட்டுவது ஒரு கட்டளை, சில விநாடி. "பிறகு ரைட்டரிலும்" என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், திருத்திய பதிப்பில் பழைய பிழை உயிர்த்தெழும். செய்யுள் உள்தள்ளலுக்கு ரைட்டரில் தனி ஸ்டைல் ஒன்று வைத்து, பாண்டாக்கின் டாக்எக்ஸ் படிப்பில் ஸ்டைல்ஸ் நீட்சியை இயக்கினால் ஸ்டைல் பெயர் உள்ளே வந்துவிடும், அதை சிஎஸ்எஸ்ஸில் பிடித்துக்கொள்ளலாம்.

அடிக்குறிப்பு: மார்க்டவுன் கோப்புகளாக இருந்தால் உங்கள் பயம் சரி. பாண்டாக் எல்லாக் கோப்பையும் ஒரே உரையாக ஒட்டித்தான் படிக்கும், இரண்டு கட்டுரைகளில் ஒரே அடையாளம் இருந்தால் குறிப்பு இடம் மாறும். அங்கே ஃபைல்-ஸ்கோப் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் படித்துப் பிறகு சேர்க்கும். டாக்எக்ஸ், ஓடிடி கோப்புகளை நேரடியாகக் கொடுத்தால் அந்த விருப்பம் தானாகவே செயல்படும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கோப்புப் பெயர்களை மட்டும் 01, 02 என்று தொடங்குங்கள். கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்கும்போது பெயர் வரிசையில்தான் எடுக்கும், முன்னால் சுழி இல்லாவிட்டால் 10-வது கட்டுரை 2-க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.